பெருந்தொற்றுக் காலப் பல்கலைக்கழகக் கல்வியும் தொலைநிலைக் கல்வி மரபும்: பழவேற்காட்டு மீனவக் கிராமங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் (2020–2022) தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் நேரடி வகுப்புகளை நிறுத்தி இணையவழிக்கு மாறின. இம்மாற்றம் பெரும்பாலும் புதிய தொழில்நுட்பத்தின் வருகையாகவே விளக்கப்பட்டு வருகிறது. 1857 முதல் தொடரும் தேர்வு மரபு, 1971 முதல் தமிழ்நாட்டில் வளர்ந்த அஞ்சல்வழிக் கல்வி மரபு ஆகிய இரண்டின் பின்புலத்தில் இக்கட்டுரை அதனை ஆராய்கிறது. திருவள்ளூர் மாவட்டம் மீஞ்சூர் ஒன்றியத்தைச் சேர்ந்த பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவக் கிராமங்கள் இவ்வாய்வின் நோக்குநிலையாக அமைகின்றன. நெருக்கடியின்போது பல்கலைக்கழகம் தேர்வு மரபைக் காத்துக்கொண்டது; தொலைவிலுள்ள மாணவருக்குப் பாடத்தைக் கொண்டுசேர்க்கும் தன் சொந்த மரபைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: பெருந்தொற்று, தொலைநிலைக் கல்வி, அஞ்சல்வழிக் கல்வி, இணையவழித் தேர்வு, பழவேற்காடு, பாடு முறை.

1. முன்னுரை

2020 சனவரி 30 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா தொற்றைப் பன்னாட்டு அக்கறைக்குரிய பொதுச் சுகாதார நெருக்கடியாக அறிவித்தது. மார்ச் 11 அன்று அதனைப் பெருந்தொற்று என வகைப்படுத்தியது. தமிழ்நாட்டில் மார்ச் 17 முதல் கல்வி நிறுவனங்கள் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே இருந்ததாக யுனெசுகோ கணக்கிட்டது.

இக்காலத்தைப் பற்றிய கல்வியியல் ஆய்வுகள் பலவும் கருவிகளைப் பற்றியே பேசுகின்றன. எந்தச் செயலி பயன்பட்டது, எத்தனை மாணவர்களிடம் திறன்பேசி இருந்தது, ஆசிரியர்கள் எவ்வளவு பயிற்சி பெற்றிருந்தனர் என்பன அவற்றின் வினாக்கள். அவை தேவையான வினாக்களே. எனினும் பல்கலைக்கழகம் என்னும் நிறுவனத்தின் வரலாற்றிலிருந்து நோக்கும்போது வேறிரு வினாக்கள் எழுகின்றன. தொலைவிலிருந்த மாணவரிடம் பல்கலைக்கழகம் எதனைக் கொண்டுசேர்த்தது? அம்மாணவரிடமிருந்து எதனைப் பெற்றுக்கொண்டது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கான நோக்குநிலையாகப் பொன்னேரி வட்டம், மீஞ்சூர் ஊராட்சி ஒன்றியத்துக்கு உட்பட்ட பழவேற்காடும் அதனைச் சூழ்ந்த குப்பங்களும் கொள்ளப்பட்டுள்ளன. சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலேயே இருப்பினும், நீராலும் மணல்திட்டாலும் பிரிக்கப்பட்ட ஊர்கள் இவை. நிலப்படத்தில் அருகிலும் அன்றாட வாழ்வில் தொலைவிலும் உள்ள ஊர்களிலிருந்து பார்க்கும்போதுதான் ‘தொலைநிலை’ என்ற சொல்லின் பொருள் தெளிவாகிறது.

2. தேர்வு நடத்தும் அமைப்பாகப் பல்கலைக்கழகம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5 அன்று சட்டத்தின்வழி நிறுவப்பட்டது. அதே ஆண்டில் கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களும் தோன்றின. மூன்றுக்கும் முன்மாதிரி இலண்டன் பல்கலைக்கழகம். அதன்படி கற்பிப்பது கல்லூரியின் பணி. பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு நடத்துவதும் பட்டம் அளிப்பதும் பல்கலைக்கழகத்தின் பணி. 1904ஆம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம் பல்கலைக்கழகங்கள் நேரடியாகக் கற்பிப்பதற்கு வழிசெய்தது. ஆயினும் பெரும்பான்மை மாணவர்களைப் பொறுத்தவரை பல்கலைக்கழகம் இன்றும் பாடத்திட்டமாகவும் பட்டச் சான்றிதழாகவுமே அறிமுகமாகிறது.

இம்மரபின் ஒரு விளைவு கருதத்தக்கது. கற்பித்தல் எங்கு நிகழ்ந்தாலும், எவ்வாறு நிகழ்ந்தாலும், தேர்வு நம்பகமாக இருந்தால் பட்டமும் நம்பகமானது என்ற எண்ணம் தொடக்கத்திலேயே நிலைபெற்றுவிட்டது. 1858இல் இலண்டன் பல்கலைக்கழகம் எக்கல்லூரியிலும் பயிலாதவரும் தேர்வெழுதிப் பட்டம் பெற வழி திறந்தது இவ்வெண்ணத்தின் முழுமையான வெளிப்பாடு. தொலைநிலைக் கல்வியின் தொடக்கமாக அந்நிகழ்வு அடிக்கடி சுட்டப்படுகிறது. துல்லியமாகச் சொல்வதானால் அது தொலைநிலைத் தேர்வின் தொடக்கம். கல்வியைத் தேடிக்கொள்ளும் பொறுப்பு மாணவரிடமே விடப்பட்டிருந்தது. இந்த வேறுபாடு 2020ஆம் ஆண்டு நிகழ்வுகளைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

3. அஞ்சல்வழிக் கல்வி: தொலைவைக் கணக்கில் கொண்ட முறை

கல்வியையே தொலைவுக்குக் கொண்டுசெல்லும் முயற்சி இந்தியப் பல்கலைக்கழகங்களில் 1962இல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிப் படிப்புகளுடன் தொடங்கியது. 1964–66ஆம் ஆண்டுகளில் செயற்பட்ட கோத்தாரி ஆணையம் அஞ்சல்வழிக் கல்வியை விரிவுபடுத்தப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் இத்துறையில் இறங்கின. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. பெருந்தொற்று வந்தபோது தமிழ்நாட்டின் தொலைநிலைக் கல்விப் பட்டறிவுக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வயது.

அஞ்சல்வழிக் கல்வியின் கட்டமைப்பில் நான்கு கூறுகள் உண்டு. முதலாவது, ஆசிரியர் அருகில் இல்லாமலே படித்துப் புரிந்துகொள்ளும் வகையில் எழுதி அச்சிடப்பட்ட பாடப்பகுதி. இரண்டாவது, அதனை வீட்டு முகவரிக்குக் கொண்டுசேர்க்கும் அஞ்சல். மூன்றாவது, விடுமுறை நாட்களில் நடைபெறும் தொடர்பு வகுப்பு. நான்காவது, பல்கலைக்கழக வளாகத்துக்கு வெளியே, மாணவர் சென்றுவரக்கூடிய தொலைவில் அமைந்த படிப்பு மையம். இம்முறையில் குறைகள் இல்லாமலில்லை. பாடப்பகுதிகள் காலந்தாழ்ந்து வந்தன. பழைய பாடங்களே மீண்டும் அச்சாயின. தொடர்பு வகுப்புகள் பல இடங்களில் சடங்காயின. எனினும் மாணவர் வேலைக்குச் செல்பவர், இரவில் படிப்பவர், தொலைவில் வாழ்பவர், நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்க இயலாதவர் என்ற கணிப்பு இந்நான்கு கூறுகளிலும் அடங்கியிருந்தது.

மின்னணு ஊடகங்களும் இதே வழியில் முன்பே பயன்படுத்தப்பட்டன. பல்கலைக்கழக மானியக் குழுவின் நாடு தழுவிய வகுப்பறை ஒளிபரப்பு 1984இல் தொடங்கியது. கல்விக்கென்றே உருவாக்கப்பட்ட இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான எடுசாட் 2004 செப்டம்பர் 20 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. சுவயம் இணையத்தளம் 2017 சூலையில் பயன்பாட்டுக்கு வந்தது. ஆகவே 2020இல் பல்கலைக்கழகங்கள் முன்பின் அறியாத ஒரு துறைக்குள் தள்ளப்பட்டன என்ற கூற்று முழுமையானதன்று.

4. 2020–2022: நிகழ்வுகளின் வரிசை

2020 ஏப்ரல் 29 அன்று பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டுதல் தேர்வு நேரத்தை மூன்று மணியிலிருந்து இரண்டு மணியாகக் குறைப்பது உள்ளிட்ட மாற்றுவழிகளைப் பரிந்துரைத்தது. சூலை 6ஆம் நாள் வெளியான திருத்திய வழிகாட்டுதல், இறுதிப் பருவத் தேர்வுகளைச் செப்டம்பர் இறுதிக்குள் நடத்தவேண்டும் என்றது. தமிழ்நாடு அரசு சூலை 23 அன்று இறுதியாண்டு தவிர்த்த ஏனைய மாணவர்களின் பருவத் தேர்வுகளை நீக்கி, அவர்கள் அடுத்த ஆண்டுக்குச் செல்ல அனுமதித்தது. ஆகஸ்டு 26 அன்று, கட்டணம் செலுத்தியிருந்தோரின் நிலுவைத் தாள்களுக்கும் (அரியர்) தேர்ச்சி அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, இறுதியாண்டுத் தேர்வின்றிப் பட்டம் வழங்க இயலாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலுவைத் தாள் தொடர்பான ஆணை சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காகி, 2021 ஏப்ரலில் நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது.

2020 செப்டம்பரில் இறுதிப் பருவத் தேர்வுகள் இணையவழியில் நடைபெற்றன. அண்ணா பல்கலைக்கழகம் கணினிக் கண்காணிப்புடன் கூடிய கொள்குறி வினாத் தேர்வை நடத்தியது. சென்னைப் பல்கலைக்கழக மாணவர்கள் வினாத்தாளை இணையத்தில் பெற்று, வீட்டிலிருந்தே ஒன்றரை மணி நேரம் விடையெழுதி, தாள்களைப் படமெடுத்துப் பதிவேற்றினர். டிசம்பர் 2 முதல் ஆய்வு மாணவர்களுக்கும் அறிவியல், தொழில்நுட்ப முதுநிலை இறுதியாண்டு மாணவர்களுக்கும், டிசம்பர் 7 முதல் இளநிலை இறுதியாண்டு மாணவர்களுக்கும், 2021 பிப்ரவரி 8 முதல் அனைவருக்கும் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மார்ச்சில் மீண்டும் மூடப்பட்டு, செப்டம்பர் 1 அன்று திறக்கப்பட்டன. 2022 சனவரியில் மறுபடியும் வகுப்புகள் நிறுத்தப்பட்டு, பிப்ரவரியில் பருவத் தேர்வுகள் இணையவழியில் நடந்தன. அப்போது அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள் பதிவேற்றிய விடைத்தாளின் மூலப்படியை விரைவு அஞ்சலிலோ தூதஞ்சலிலோ அனுப்பவேண்டியிருந்தது.

இவ்வரிசையை ஒருசேர நோக்கினால் ஒரு செய்தி புலப்படுகிறது. ஆணை, திருத்தம், வழக்கு, தீர்ப்பு ஆகியவற்றில் மிகப் பெரும்பாலானவை தேர்வைப் பற்றியவை. மாணவருக்குப் பாடம் எவ்வடிவில் சென்று சேரவேண்டும் என்பது குறித்து இதற்கு நிகரான விவாதம் எழவில்லை. அஞ்சல்வழிக் கல்வியில் பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர் வீட்டுக்குப் பாடத்தைச் சுமந்துசென்ற அஞ்சல், 2022இல் மாணவரிடமிருந்து பல்கலைக்கழகத்துக்கு விடைத்தாளைச் சுமந்துவந்தது. முன்னர் எழுப்பிய இரு வினாக்களுக்குமான விடை இதில் அடங்கியுள்ளது.

மாணவர் பக்கம் நோக்கிய நடவடிக்கை அறவே இல்லை எனக் கூற இயலாது. 2021 சனவரி 10 அன்று, 9.69 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜிபி இணையத் தரவு வழங்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. அது பயனுடைய திட்டமே. ஆனால் கல்லூரிகள் மூடப்பட்டு ஏறத்தாழப் பத்து மாதங்களுக்குப் பின்னும், அனைத்து மாணவர்களும் வகுப்பறைக்குத் திரும்புவதற்கு ஒரு மாதத்துக்கும் குறைவான காலமே எஞ்சியிருந்தபோதும் அது வந்தது.

5. ஏரிக்கரையிலிருந்து நோக்குதல்

பழவேற்காடு உலகத் தொடர்புகளுக்குப் புதிய ஊரன்று. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டச்சுக்காரர்கள் இங்கு வணிக நிலையம் அமைத்து, 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். 1690 வரை சோழமண்டலக் கடற்கரையில் அவர்களின் தலைமையிடமாக இவ்வூர் இருந்தது. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் சிறீஅரிக்கோட்டாத் தீவு அமைந்துள்ளது. அங்கிருந்து ஏவூர்தி செலுத்தப்படும் நாட்களில் பாதுகாப்புக் கருதி இப்பகுதி மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாமென அறிவுறுத்தப்படுகின்றனர். கல்விச் செயற்கைக்கோள் எழுந்த நிலத்துக்கு நேர் அண்டையில் வாழும் மக்கள் இவர்கள். தொழில்நுட்பம் அருகில் இருப்பதும் அது கைக்கு எட்டுவதும் வெவ்வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

இக்கிராமங்களின் உயர்கல்விப் பாதை பொன்னேரி அரசினர் கல்லூரி, சென்னைக் கல்லூரிகள் ஆகியவற்றை நோக்கி அமைந்தது. இப்பாதையில் படகு, பேருந்து, மின்தொடர்வண்டி என மூன்று பயணங்கள் அடங்கும். பசியாவரம் போன்ற தீவுக் கிராமங்களின் மக்கள் நெடுங்காலம் படகையே நம்பி வாழ்ந்தனர். மீஞ்சூர், பொன்னேரி நிலையங்கள் வழிச் செல்லும் சென்னைப் புறநகர்த் தொடர்வண்டிகள் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, டிசம்பர் 23 முதல்தான் நெரிசலற்ற நேரங்களில் பொதுமக்கள் அனைவருக்கும் திறக்கப்பட்டன. பயணம் நின்றபோது கல்லூரி நூலகமும் நகலகமும் நண்பரின் குறிப்பேடும் ஒருசேர எட்டாத தொலைவுக்குச் சென்றன.

வாழ்வாதாரமும் அதே வேளையில் முடங்கியது. ஊரடங்கால் மீன் சந்தைகள் மூடப்பட்டன. மீன்பிடித் தொழிலுக்கு நடுவண் அரசு ஏப்ரல் 10 அன்றுதான் விலக்களித்தது. கல்விக் கட்டணத்தோடு திறன்பேசி, தரவு ஆகியவற்றுக்கான செலவும் அன்றாட வருவாயை நம்பிய குடும்பங்களின் மீது விழுந்த காலம் இது. தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று (2017–18), இந்திய ஊரகக் குடும்பங்களில் 14.9 விழுக்காட்டினருக்கே இணைய வசதி இருந்ததையும், 4.4 விழுக்காட்டினரிடமே கணினி இருந்ததையும் காட்டுகிறது. நகர்ப்புறத்தில் இவை முறையே 42 விழுக்காடும் 23.4 விழுக்காடும் ஆகும். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் தமிழ்நாட்டு மாணவர் பலரிடம் கருவி இருந்தது உண்மை. ஆனால் கருவி இருந்த வீட்டிலும் இணைப்பைத் தனியே பெறவேண்டியிருந்தது.

இவற்றினும் நுட்பமானது நேரம் பற்றிய சிக்கல். பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிப்பு ‘பாடு’ என்னும் மரபு முறையால் ஒழுங்குபடுத்தப்படுகிறது. வளமிக்க நீர்ப்பகுதிகளில் சுத்துவலை கட்டும் உரிமை, குலுக்கல்வழி முறைவைத்துப் பகிரப்படுகிறது. கோட்டைக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் இம்முறைக்குப் பெயர்பெற்றவை. அனைவருக்கும் ஒரே நேரத்தில் போதாத வளத்தை, அனைவருக்கும் வெவ்வேறு நேரங்களில் கிடைக்கச் செய்வதே பாட்டின் அடிப்படை. நேரலை இணைய வகுப்பு இதற்கு நேர்மாறானது. அது அனைவரும் ஒரே நேரத்தில் அலைவரிசையிலும் கருவியுடனும் இருக்க வேண்டுமென எதிர்பார்க்கிறது. ஒரே திறன்பேசியை உடன்பிறந்தார் பலர் பகிரும் வீட்டில், அவ்வகுப்பில் ஒருவர் இருந்தால் மற்றவர் இருக்க இயலாது. அச்சிட்ட பாடமோ ஒருவர் படித்து முடித்த பின்னும் மற்றவருக்குக் கிடைக்கும். முறைவைத்துப் பகிரும் வழக்கத்தைத் தொழிலிலேயே கொண்ட ஒரு சமூகத்துக்கு, முறைவைத்துப் பகிரத்தக்க கல்வி வடிவம் கிடைக்காமற் போனது இக்காலத்தின் முரண்.

6. நெருக்கடிக்காலக் கற்பித்தலும் தொலைநிலைக் கல்வியும்

2020 மார்ச்சிலேயே சார்லசு ஆட்ஜசும் அவருடன் இணைந்து எழுதியோரும், திடீரென இணையத்துக்கு மாற்றப்பட்ட வகுப்புகளை ‘நெருக்கடிக்காலத் தொலைவுக் கற்பித்தல்’ எனப் பெயரிட்டு, திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட இணையவழிக் கல்வியிலிருந்து வேறுபடுத்தினர். இவ்வேறுபாடு தமிழ்நாட்டுச் சூழலுக்கும் பொருந்தும். ஆனால் நெருக்கடி என்பதனாலேயே வடிவமைப்புக்கு இடமில்லை எனக் கருதவேண்டியதில்லை.

1937 செப்டம்பரில் சிக்காகோ நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியதால் பள்ளிகள் திறக்கப்படவில்லை. அந்நகரக் கல்வித்துறை வானொலி நிலையங்களின் உதவியுடன் பாடங்களை ஒலிபரப்பியது. அவற்றின் நேர அட்டவணையையும் வினாக்களையும் நாளிதழ்கள் வெளியிட்டன. வானொலி இல்லாத வீடுகள் விடுபட்ட குறை அங்கும் இருந்தது. எனினும் அன்றைய புதிய ஊடகமான வானொலியுடன் பழைய ஊடகமான அச்சு இணைக்கப்பட்டது. பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வேறுபாடு உண்டென்றாலும், ஊடகங்களை அடுக்கிப் பயன்படுத்திய இம்முறை ஒப்பிடத்தக்கது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைக் கல்வி இயக்ககங்களில் அச்சிட்ட பாடப்பகுதிகள் ஏற்கெனவே இருந்தன. நேரடிக் கல்லூரி மாணவருக்கும் அவற்றைக் கொண்டுசேர்ப்பது அக்காலக் கொள்கையின் மையத்துக்கு வரவில்லை. ஒரே பல்கலைக்கழகத்துக்குள் நேரடிக் கல்வியும் தொலைநிலைக் கல்வியும் வெவ்வேறு தகுதியுடையனவாக நடத்தப்பட்டு வந்தமை இதற்கு ஒரு காரணமாகலாம். தாழ்வாக எண்ணப்பட்ட ஒரு துறையிடம் கற்றுக்கொள்ள ஏதும் உண்டு என்ற எண்ணம் எளிதில் எழுவதில்லை.

இதன் சுமை மாணவர் மீதே விழுந்தது. அக்காலத்தில் பட்டம் பெற்றவர்கள் ‘கொரோனா பேட்ச்’ எனப் பொதுப்பேச்சில் சுட்டப்பட்டனர். கற்பித்தலில் நேர்ந்த குறைக்கு நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியிருக்க, அதன் ஐயம் பட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. குடும்பத்தின் முதல் பட்டதாரியாக, பட்டத்தைத் தவிர வேறு அறிமுகமின்றி வேலை தேடுபவருக்கே இந்த ஐயம் மிகுதியாகத் தீங்கு செய்யும்.

7. முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• 2020–2022 காலத்தில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நிகழ்ந்த மாற்றத்தைத் தொலைநிலைத் தேர்வுக்கான மாற்றம் எனக் கூறுவதே பொருத்தம். அது 1857இல் தொடங்கிய தேர்வு மரபின் தொடர்ச்சி.

• 1971 முதல் உருவான அஞ்சல்வழிக் கல்வி மரபு, தொலைவையும் நேரமின்மையையும் கணக்கிட்ட நான்கு கூறுகளைக் கொண்டிருந்தது. நெருக்கடியின்போது இக்கூறுகள் நேரடிக் கல்லூரி மாணவருக்குப் பெரிதும் பயன்படுத்தப்படவில்லை.

• பழவேற்காட்டுக் கிராமங்களின் நிலை, கருவியும் தரவும் வழங்குவதால் மட்டும் தொலைவு நீங்காது என்பதைக் காட்டுகிறது. நீர், போக்குவரத்து, தொழில், நேரம் ஆகியவையும் தொலைவின் கூறுகளே.

• ‘பாடு’ போன்ற உள்ளூர்ப் பகிர்வு முறைகள், ஒரே நேரத்தைக் கோராத கல்வி வடிவத்தைச் சிந்திக்கத் துணைபுரிவன.

பெருந்தொற்று முடிந்துவிட்டதால் இவ்வினாவும் முடிந்துவிட்டதாகக் கொள்ள இயலாது. 2021 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட கலப்புக் கற்றல் வரைவு, ஒரு பாடத்தின் 40 விழுக்காடு வரை இணையவழியில் கற்பிக்கலாம் என்றது. நெருக்கடிக்கால ஏற்பாடு நிலையான ஏற்பாடாக மாறுவதற்கான வழி இது. மேலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் தாக்கியதுபோல, இக்கடற்கரையில் கல்லூரிகள் மூடப்படும் சூழல்கள் மீண்டும் வரும். புயலில் முதலில் அறுபடுவன மின்சாரமும் அலைவரிசையுமே. அடுத்த நெருக்கடிக்கான திட்டம் தேர்வு அட்டவணையில் தொடங்காமல், பருவத் தொடக்கத்திலேயே மாணவர் கையில் சேரும் அச்சுப் பாடத்திலும், மீஞ்சூர் போன்ற ஒன்றியத் தலைமையிட நூலகங்களில் அமையும் படிப்பு மையத்திலும் தொடங்குமாயின், ஏரியின் அக்கரையில் இருப்பவரும் அதில் இடம்பெறுவர்.